ஓர் அடி

தமிழில் ‘அடி’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலைகள் உண்டு. காலை எடுத்து முன்னே வைத்தாலும் அடி. கையை ஓங்கி வைத்தாலும் அடி. டேக்வாண்டோ கற்க வருகிறவர்கள் சேர்ந்த சில மாதங்களில் சந்திக்கும் ஒரு பயிற்சிக்கு இந்த இரட்டை அர்த்தம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஒன் ஸ்டெப் ஸ்பாரிங் என்று பெயர். ஒருவர் ஓர் அடி முன்னே வைத்து ஓர் அடி கொடுக்கிறார். மற்றவர் அதைத் தடுத்துப் பதிலடி கொடுக்கிறார். அத்தோடு சண்டை முடிந்துவிடுகிறது.

ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்கு இது சண்டையாகவே தெரியாது. யார் குத்தப் போகிறார், எந்தக் கையால், எந்த உயரத்தில் என்பதெல்லாம் முன்பே முடிவான விஷயங்கள். கேள்வித்தாளையும் விடைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் தேர்வு எழுதச் சொல்வது போலத்தான் இருக்கும். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்தவருக்கும் தோன்றுகிறது. ஆனால் எதிரே நிஜமாகவே ஓர் ஆள் நின்று, அவருடைய முஷ்டி மூக்கை நோக்கிப் புறப்பட்ட கணத்தில், மனப்பாடம் செய்த விடை முழுவதும் மறந்துபோகிறது.

பயிற்சி நடக்கும் விதம் இது. இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ‘சாரியொத்’ என்ற கட்டளைக்கு விறைப்பாக நிற்கிறார்கள். ‘கியொங்யே’ என்றதும் குனிந்து வணங்குகிறார்கள். ‘ஜுன்பி’ என்றதும் முஷ்டிகளை வயிற்றுக்கு முன்னே கொண்டுவந்து தயாராகிறார்கள். தாக்கப்போகிறவர் வலது காலைப் பின்னுக்கு இழுத்து, இடது முழங்காலை மடித்து, இடது கையைத் தொடைக்கு மேலாகக் கீழ்நோக்கி வீசி, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கொடுக்கிறார். இந்தக் கத்தலுக்குக் ‘கிஹாப்’ என்று பெயர். தாக்கத் தயார் என்பது அதன் பொருள். எதிரில் இருப்பவரும் கத்துகிறார். வாங்கத் தயார் என்று பொருள். உடனே வலது கால் முன்னே வருகிறது. கூடவே வலது முஷ்டியும் வருகிறது. தடுப்பவர் நகர்ந்து, தடுத்து, திருப்பித் தாக்குகிறார். அவருடைய பதிலடி எதிராளியின் விலாவுக்கோ தாடைக்கோ ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட வேண்டும். பிறகு ‘பாரோ’ என்றதும் இருவரும் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். எல்லாம் சேர்ந்து பத்து விநாடிகூட ஆகாது. பள்ளிக்குப் பள்ளி நுணுக்கங்கள் மாறினாலும் எலும்புக்கூடு இதுதான்.

கொரிய மொழியில் இந்தப் பயிற்சிக்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற டேக்வாண்டோ பிரிவினர் இதை ‘ஹன்பொன் கியோருகி’ என்கிறார்கள். ஹன்பொன் என்றால் ஒரு தடவை. கியோருகி என்றால் பலத்தைப் போட்டியிட்டுப் பார்ப்பது. ஜெனரல் சோய் ஹோங் ஹி 1966இல் தொடங்கிய சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் வழிவந்தவர்களுக்கு இது ‘இல்போ மத்சோகி’. இல்போ என்பது ஓர் அடி. மத்சோகி என்பது எதிர்நிற்றல். இரண்டாவது பெயரில் விஷயம் இருக்கிறது. புதியவர் முதலில் கற்க வேண்டியது அடிப்பதை அல்ல, எதிர்நிற்பதை.

அதுவரை அவருக்கு எதிரே யாருமே இல்லை. முதல் சில மாதங்கள் வரிசையில் நின்று ஹனா, துல், செத் என்று கொரிய எண்களுக்கு ஏற்பக் காற்றைக் குத்தியிருப்பார், காற்றை உதைத்திருப்பார். பிறகு ‘பூம்சே’ கற்றிருப்பார். கற்பனை எதிரியோடு தனியாகச் செய்யும் அசைவுத் தொடர் அது. கற்பனை எதிரியைப் போன்ற நல்லவன் கிடையாது. சரியான வேகத்தில் வருவான், சரியான உயரத்தில் இருப்பான், ஒவ்வொரு முறையும் தோற்றுப்போவான். அவன் கை வியர்த்திருப்பதில்லை. அவன் பயப்படுவதுமில்லை, பயமுறுத்துவதுமில்லை. தனியாகச் சரளிவரிசை பாடிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் முதல் முறையாக ஒரு மிருதங்கம் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது நிஜ ஆள் எதிரே வந்து நிற்பது. தெரிந்த பாடம்தான். ஆனால் இப்போது தாளம் நம் கையில் மட்டும் இல்லை.

தடுப்பவராக நிற்கும் புதியவர்கள் செய்யும் தவறுகளுக்கு வயது வித்தியாசம் கிடையாது. பத்து வயதுப் பையனும் நாற்பத்தைந்து வயதுக் குமாஸ்தாவும் ஒரே மாதிரிதான் தப்பு செய்கிறார்கள். முதலாவது, கண்ணை மூடிக்கொள்வது. இரண்டாவது, குத்து கிளம்பும் முன்பே நகர்ந்துவிடுவது. மூன்றாவது, வரும் கையையே பார்த்துக்கொண்டிருப்பது.

கண்ணை மூடுவது யாருடைய குற்றமும் அல்ல. முகத்தை நோக்கி எது வந்தாலும் இமை தானாக மூடும். உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. நூறு முறை, இருநூறு முறை முஷ்டி வந்து மூக்குக்கு முன்னால் நின்று திரும்பிய பிறகுதான் இமைக்கு நம்பிக்கை வருகிறது. அந்த நூறு முறையை அடிபடாமல் கடக்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஓரடிப் பயிற்சியின் முதல் வேலை அதுதான்.

முன்கூட்டியே நகர்வதில் வேறு சிக்கல். விடை தெரிந்திருப்பதால், கேள்வி முடியும் முன்பே கையைத் தூக்கும் மாணவனைப் போன்ற அவசரம் இது. நிஜத்தில் இப்படி முந்தினால் எதிராளி தன் குத்தைத் திருத்திக்கொள்வார். ஆகவே காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? கண்ணால் பார்த்ததற்கு உடல் பதில் சொல்லத் தொடங்கவே ஏறத்தாழ விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. முஷ்டி பாதி வழி வந்த பிறகு அதைப் பார்த்துத் தடுப்பது நடக்காத காரியம். அனுபவசாலிகள் கையைப் பார்ப்பதில்லை. பார்வை எதிராளியின் மார்பு அல்லது கண்கள் மேல் பொதுவாக நிற்கிறது. தோளும் இடுப்பும் அசையத் தொடங்குவது அதில் தானாகத் தெரிந்துவிடுகிறது. முஷ்டி கடைசியாகத்தான் கிளம்புகிறது. அதற்கு முன்பே காலும் இடுப்பும் செய்தி சொல்லிவிடுகின்றன.

விடையை முன்பே சொல்லிவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஹிக் 1952இல் விளக்குகளையும் விசைகளையும் வைத்து ஒரு சோதனை நடத்தினார். எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய விசையை அழுத்த வேண்டும். எரியக்கூடிய விளக்குகளின் எண்ணிக்கை கூடக்கூட, விசையை அழுத்த ஆகும் நேரமும் கூடியது. சண்டையும் அப்படித்தான். வலது கையா, இடது கையா, உதையா, தலைக்கா, வயிற்றுக்கா என்று ஐந்து வாய்ப்புகள் இருந்தால் புதியவர் யோசித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓரடிப் பயிற்சி மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் எரியவிடுகிறது. முடிவெடுக்கும் சுமை இல்லாததால், மிச்சமிருக்கும் கவனம் முழுவதும் காலுக்கும் தூரத்துக்கும் போகிறது.

தூரம்தான் இதில் பொய் சொல்ல முடியாத ஒன்று. குத்துகிறவர் தொடங்கும் முன் கையை நீட்டித் தூரத்தை அளந்துகொள்வது பல பள்ளிகளில் வழக்கம். ஓர் அடி வைத்தால் முஷ்டி முகத்தை எட்ட வேண்டும். ஒரு சாண் குறைந்தாலும் எல்லாம் நாடகமாகிவிடும். தடுப்பவர் நேராகப் பின்வாங்கினால் பதிலடி எட்டாது. நகராமல் நின்றால் தடுப்பு தாங்காது. கொஞ்சம் வெளிப்பக்கமாக, குத்தும் கையின் முதுகுப் பக்கம் ஒதுங்கினால், எதிராளியின் இன்னொரு கை எட்டாத இடத்தில் நிற்கலாம். அங்கிருந்து அவருடைய விலா திறந்து கிடக்கும். இது புத்தகத்தில் ஒரு வரி. பாதத்துக்கு அது புரிய ஒரு பருவகாலம் ஆகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் தடுப்பவரின் பாடம். பார்வையாளர்களும், பெரும்பாலான மாணவர்களும், அவரைத்தான் கதாநாயகனாக நினைக்கிறார்கள். குத்துகிறவர் வெறும் துணை நடிகர். குத்திவிட்டுச் சிலையாக நிற்க வேண்டியவர். இந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பது மெதுவாகத்தான் தெரியவருகிறது.

டெல்லியில் ஒரு குடியிருப்பின் சமூகக் கூடத்தில் வாரத்தில் மூன்று நாள் காலை வகுப்பு. மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஓரத்தில் காத்திருந்து அலுத்துப்போன 42 வயது வங்கி ஊழியர் ஒருவர், தானும் வெள்ளைச் சீருடை வாங்கிச் சேர்ந்துவிட்டார். ஜோடி போதாமல் போன ஒரு நாள் அவருக்கு எதிரே வந்து நின்றது பச்சை பெல்ட் அணிந்த 12 வயதுச் சிறுமி. ஆண்ட்டி குத்தினார். சிறுமி நகரவே இல்லை. மறுபடி குத்தினார். அப்போதும் அவள் நகரவில்லை. மூன்றாவது முறை சிறுமி கைகளைக் கீழே போட்டுவிட்டு, ஹிந்தியில், மரியாதை குறையாமல் சொன்னாள்: “ஆண்ட்டி, நீங்கள் என்னைக் குத்தவில்லை. எனக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றைக் குத்துகிறீர்கள்.”

உண்மைதான். முஷ்டி ஒவ்வொரு முறையும் சிறுமியின் காதுக்கு அரை அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணிக்கு அது தெரியவே இல்லை. அவர் வளர்ந்த வீட்டில் பெண்பிள்ளை கையை ஓங்குவது கிடையாது. அடுத்த வீட்டுக் குழந்தையின் முகத்துக்கு நேரே முஷ்டியை நீட்டுவது, பட்டாலும் படாவிட்டாலும், அவருடைய கைக்கே ஒவ்வாத காரியம். கருணையால் கை தானாக விலகிப் போயிற்று. ஆனால் அந்தக் கருணையால் சிறுமிக்கு என்ன லாபம்? தடுக்க வேண்டிய தேவையே இல்லாத ஒன்றைத் தடுத்துப் பழகினால், தடுக்கத் தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் வளரும், தடுப்பு வளராது. பெல்ட் தேர்வில் அவள் தேறிவிடலாம். நிஜமாக ஒரு கை முகத்துக்கு வரும் அன்று, அந்த நம்பிக்கை அவளை ஏமாற்றும்.

மாஸ்டர் திட்டவில்லை. பெண்மணியின் முஷ்டியைப் பிடித்துச் சிறுமியின் மூக்குக்கு நேராக வைத்து, “அவள் நகராவிட்டால் இங்கே வந்து நிற்க வேண்டும். நகர்வது அவள் பொறுப்பு. இங்கே வருவது உங்கள் பொறுப்பு” என்றார். அடுத்த குத்து நேராகப் போயிற்று. சிறுமி நகர்ந்தாள். எலும்போடு எலும்பு மோதும் சத்தம் கேட்டது. அன்று மாலை பெண்மணியின் முன்கையில் ஐம்பது பைசா அளவுக்குக் கன்றியிருந்தது.

ஆண்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான இடத்தில் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய முதல் குத்து நேராகத்தான் போகிறது. தடுப்பு பலமாக விழுந்து முன்கை வலித்ததும், இரண்டாவது குத்து கொஞ்சம் வேகமாகப் போகிறது. மூன்றாவது இன்னும் வேகமாக. எதிரே நிற்பவரும் சளைக்காமல் இன்னும் பலமாகத் தடுக்கிறார். யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் பயிற்சி எப்போதோ முடிந்து நிஜச் சண்டை தொடங்கிவிட்டது. நல்ல ஆசிரியர் இதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார், வந்து பிரித்துவிடுகிறார். விலகிப்போகும் குத்தும் கோபத்தில் வரும் குத்தும் வேறு வேறாகத் தெரிந்தாலும் குறை ஒன்றுதான். இரண்டிலும் குத்துகிறவர் எதிரே இருப்பவருக்காகக் குத்தவில்லை. ஒருவர் தன் நல்ல பெயருக்காகக் குத்துகிறார், மற்றவர் தன் வலிக்காக.

குத்திய பிறகு நிற்பது அடுத்த சோதனை. கையை நீட்டியபடி, விலாவைத் திறந்து காட்டியபடி, பதிலடி வந்து ஓர் அங்குலத்தில் நிற்கும் வரை அசையாமல் இருக்க வேண்டும். இந்தப் பயிற்சியில் நெஞ்சுக் கவசமோ தலைக் கவசமோ போடுவதில்லை. இருக்கும் ஒரே கவசம் எதிராளியின் கட்டுப்பாடு. ஒரு பேச்சுக்கூடப் பேசிப் பழகாத ஒருவரிடம் தன் முகத்தை நம்பி ஒப்படைப்பது சாதாரண விஷயமல்ல.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. டேக்வாண்டோவுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்று சொல்லிக்கொள்வது வழக்கம். கொரியாவில் பழைய சண்டைக் கலைகள் இருந்தன என்பது உண்மை. அவற்றில் ஒன்றான டேக்கியொன்னை யுனெஸ்கோ 2011இல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் டேக்வாண்டோ என்ற பெயர் பிறந்தது 1955இல்தான். அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் பலர், 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது, ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். சியோலில் 1944இல் பள்ளி தொடங்கிய லீ வோன் குக்கும், சோய் ஹோங் ஹியும் அந்த வழியில் வந்தவர்களே. கராத்தேயில் இப்போதும் இதே பயிற்சி ‘இப்போன் குமிதே’ என்ற பெயரில் இருக்கிறது.

ஜப்பானின் வாள் கலையான கெண்டோவில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு. அங்கே இருவர் சேர்ந்து செய்யும் முறைப்படுத்தப்பட்ட பயிற்சிகளில் முதலில் வெட்ட வருகிறவர் எப்போதும் தோற்கிறார். தோற்கும் அந்த வேடத்தை ஏற்பவர் ஆசிரியர் அல்லது மூத்தவர். ஜெயிக்கும் வேடம் மாணவனுக்கு. சரியாகத் தோற்றுக்காட்டத் தெரிந்தவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்பது அதன் பின்னால் உள்ள கணக்கு. டேக்வாண்டோ வகுப்பில் இருவரும் மாறி மாறிக் குத்துவதால் இந்த மூத்தவர் வேடம் புதியவருக்கும் கிடைத்துவிடுகிறது. சேர்ந்த சில மாதங்களிலேயே, பத்து குத்துகளின் நேரத்துக்கு, அவர் இன்னொருவரின் ஆசிரியராகிறார்.

இந்தப் பயிற்சிக்கு எதிரிகளும் உண்டு. டேக்வாண்டோ 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் காட்சி விளையாட்டாக இடம்பெற்று, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டானது. லண்டனில் 2012இல் மின்னணு நெஞ்சுக் கவசம் வந்தது. ஒலிம்பிக் விதிகளில் முகத்தில் குத்துவதற்கே அனுமதியில்லை. புள்ளிகளில் பெரும்பகுதி உதைகளுக்குத்தான். ஆகவே பதக்கத்தைக் குறிவைக்கும் பயிற்சியாளர்கள் முகத்துக்கு வரும் குத்தைத் தடுக்கப் பழகுவதில் நேரம் செலவழிக்க விரும்புவதில்லை. இன்னொரு பக்கம், தெருச் சண்டையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சிரிக்கிறார்கள். எந்த ரவுடி குனிந்து வணங்கிவிட்டு வருகிறான்? எவன் வலது காலைப் பின்னே இழுத்துக் கத்தி அறிவிக்கிறான்? குத்திய கையை எவன் அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறான்?

இரண்டு புகாரும் நியாயமானவை. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு தற்காப்பு வகுப்புகளைத் தேடி ஏராளமான பெற்றோர் பெண்பிள்ளைகளை அழைத்துவந்தார்கள். பத்து ஓரடிப் பாடங்களை மனப்பாடம் செய்தால் போதும், தெருவில் பயமில்லை என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால் அது மோசடி. எண் போட்டுச் சொல்லிக்கொடுத்து, ‘மூணாம் நம்பர் செய்’ என்றால் கை தானாக ஓடும் அளவுக்குப் பழக்கி, தேர்வு நடத்தி, பெல்ட் கொடுத்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடும் வகுப்புகள் இல்லாமல் இல்லை. ஏணியின் முதல் படியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வதற்கு ஏணி வேண்டியதில்லை.

தெரிந்த ஆசிரியர்கள் அணைத்த விளக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றுகிறார்கள். முதலில் உயரத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். முகத்துக்கோ வயிற்றுக்கோ வரலாம். பிறகு எந்தக் கை என்பதையும் சொல்வதில்லை. அப்புறம் கத்தி அறிவிக்கும் வழக்கம் போகிறது. குத்துக்குப் பதில் உதை வருகிறது. ஒரு நாள் குத்தியவர் சிலையாக நிற்காமல் இரண்டாவது கையையும் வீசுகிறார். அன்று அது ஓரடிப் பயிற்சியாக இல்லை. சண்டைக்குப் பக்கத்து வீடு வரை வந்தாயிற்று. அங்கே போய்ச் சேரும்போது இமை மூடாதிருப்பதும், கால் தூரத்தை அறிந்திருப்பதும் முன்பு நேராக வந்த குத்துகளின் உபயம். விலகிப்போன குத்துகளைத் தடுத்து வளர்ந்தவர் அந்த வாசலில் மாட்டிக்கொள்கிறார்.

முன்கையில் கன்றிய இடம் முதலில் சிவக்கிறது. பிறகு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி, தோலின் நிறத்துக்குத் திரும்புகிறது. டேக்வாண்டோவில் பெல்ட்டின் நிறங்களும் இவைதான். வரிசை மட்டும் தலைகீழ். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று ஏறி அவை கறுப்பில் போய் நிற்கின்றன. கன்றிய இடம் ஒன்றிரண்டு வாரங்களில் இறங்கிவிடுகிற தூரத்தை ஏறிக் கடக்க மனிதர்களுக்குச் சில வருடங்கள் ஆகின்றன. வழியில் அவர்களுக்குத் தேவைப்படுவது திறமைசாலியான எதிரி அல்ல. முகத்துக்கு நேராகக் குத்திவிட்டு, பதிலுக்குத் தன் முகத்தையும் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒருவர் போதும்.